மாவ்ஷிக்கு ஒரு விசா

சமையல் கேஸ் இணைப்பை என் பெயருக்கு மாற்ற வேண்டியிருந்தது. பழைய ரசீதைத் தேடி அலமாரியின் மேல்தட்டைக் கலைத்தபோது ஒரு ஃபோட்டோ ஸ்டுடியோவின் காகித உறை விழுந்தது. உள்ளே இரண்டு சதுரப் படங்கள். வெள்ளைப் பின்னணி. இரண்டு காதும் தெரிகின்றன. நெற்றியில் அகலமான குங்குமம், முகத்தில் மருந்துக்கும் சிரிப்பில்லை. எங்கள் மாவ்ஷி.

அமெரிக்க விசாவுக்கு இரண்டுக்கு இரண்டு அங்குலத்தில் படம் கேட்பார்கள். புனேயின் கோத்ரூட்டில் அப்போது அந்த அளவில் எடுத்துத் தரும் கடை எங்கள் தெருமுனையிலேயே இருந்தது. மென்பொருள்காரர்களின் உபயம். கடைக்காரர் மாவ்ஷியை ஸ்டூலில் உட்கார வைத்து, தலையிலிருந்து முந்தானையை எடுக்கச் சொன்னார். "தலையை மூடாம எந்த ஆம்பளை முன்னாடியும் உட்கார்ந்ததில்லை" என்றார் மாவ்ஷி. "காது தெரியலைன்னா திருப்பி அனுப்பிடுவான் மாவ்ஷி" என்று அவர் கெஞ்ச, காதுக்குப் பின்னால் வரை இறக்க ஒருவழியாகச் சம்மதித்தார். சிரிக்கச் சொன்னதற்கு மட்டும் இடம் கொடுக்கவில்லை. "எவனுக்கோ போற படம், நான் எதுக்குச் சிரிக்கணும்?"

மராத்தியில் மாவ்ஷி என்றால் அம்மாவின் சகோதரி. வீட்டு வேலைக்கு வரும் மூத்த பெண்களைப் புனேக்காரர்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவருக்கு நான் வஹினி, அதாவது அண்ணி. என் கணவர் தாதா, அண்ணன். மாமியார் ஆஜி, பாட்டி. உறவுமுறையில் ஒரு குறையும் கிடையாது. சம்பளக் கணக்கு மட்டும் இனம் இனமாகப் பிரியும். பாத்திரத்துக்கு ஒரு ரேட், துணிக்கு ஒன்று, தரை துடைக்க ஒன்று, போளி, அதாவது சப்பாத்தி, இட ஆளுக்கு இத்தனை என்று இன்னொன்று. ஊரிலிருந்து உறவுக்காரர்கள் வந்து ஒரு வாரம் தங்கினால் தனிப் பேச்சு. வராத நாளுக்கு 'காடா' என்று பெயர். சமையலறைச் சுவரில் தொங்கும் காலநிர்ணய் காலண்டரில் அந்தத் தேதியைச் சுற்றி ஒரு வட்டம் போட வேண்டும். பால் கணக்கு, பேப்பர் கணக்கு, சிலிண்டர் வந்த தேதி, காடா எல்லாம் அதில்தான். 1973-இல் ஜயந்த்ராவ் சாள்காவ்கர் ஆரம்பித்த அந்தக் காலண்டர் இல்லாத மராத்திச் சமையலறையை நான் பார்த்ததில்லை. எங்கள் தமிழ்ச் சமையலறையிலும் அதுதான் தொங்கியது, பாம்புப் பஞ்சாங்கத்துக்குப் பக்கத்தில்.

புனேயை ஒட்டிய ஹிஞ்சவடியில் வேலை பார்த்துக்கொண்டிருந்த என் கணவரை நியூ ஜெர்ஸி மாநிலத்தில் எடிசன் என்ற ஊருக்குக் கம்பெனி அனுப்புவதாக முடிவாயிற்று. அவருக்கும் எனக்கும் பையனுக்கும் விசா கம்பெனியே பார்த்துக்கொண்டது. மாமியாரிடம் பெரிய நாத்தனாரைப் பார்க்கப் போனபோது வாங்கிய பத்து வருஷ விசா இருந்தது. சிக்கல் அவர் இடுப்பில். முந்தின வருஷம் வழுக்கி விழுந்து அறுவை சிகிச்சை ஆகியிருந்தது. குளிப்பாட்டி, கைபிடித்து நடத்தி, மராத்தியில் அதட்டி அவரை மறுபடி நடக்க வைத்தவர் மாவ்ஷிதான். மாமியார் தீர்மானமாகச் சொல்லிவிட்டார். "அவ வந்தா நானும் வரேன். அவ வரலேன்னா என்னை இங்கேயே அவகிட்ட விட்டுட்டுப் போங்கோ."

மாவ்ஷி ஒரே ஒரு கேள்வி கேட்டார். "கணபதிக்குள்ள திரும்பிடலாமா?"

விநாயகர் சதுர்த்திக்குள் திரும்பிடலாம் என்று சொல்லிவிட்டோம். ஆறு மாதம்தான். வீட்டு வேலைக்காரரை முதலாளி கூட அழைத்துப்போக அமெரிக்காவில் பி-1 என்ற விசா உண்டு என்று கணவர் கண்டுபிடித்து வந்தார். அதற்கு முதலில் பாஸ்போர்ட் வேண்டும். பாஸ்போர்ட்டுக்கு ஒரு பெயரும் ஒரு பிறந்த தேதியும் வேண்டும். அங்கேயே நின்றுபோனது வண்டி.

மகாராஷ்டிரத்தில் பல சமூகங்களில் கல்யாணத்தன்று பெண்ணின் பெயரையே மாற்றுவார்கள். தாம்பாளத்தில் அரிசியைப் பரப்பி, மாப்பிள்ளை மோதிரத்தால் புதுப்பெயரை அதில் எழுதுவார். மாவ்ஷிக்குப் பிறந்த வீட்டில் ஒரு நதியின் பெயர், புகுந்த வீட்டில் லக்ஷ்மியின் பெயர்களில் ஒன்று. பள்ளிச் சான்றில் நதியும் அப்பாவின் பெயரும் அப்பா வீட்டுக் குடும்பப் பெயரும் இருந்தன. ரேஷன் கார்டில் லக்ஷ்மியும் கணவர் பெயரும் அவர் வீட்டுக் குடும்பப் பெயரும். மூன்று சொல்லும் மாறிப்போன ஒருத்தி, அதே ஒருத்திதான் என்று காட்ட வேண்டும். எனக்கும் இதில் அனுபவம் உண்டு. இனிஷியலை விரித்து எழுதச் சொல்லி, கடைசியில் என் அப்பாவின் பெயரே என் குடும்பப் பெயராகி, விமான நிலையங்களில் "மிஸஸ் கோபாலகிருஷ்ணன்" என்று என்னைக் கூப்பிட்டால் அப்பாவைத் தேடித் திரும்பிப் பார்ப்பேன். மாவ்ஷியும் நானும் சிவாஜிநகர் கோர்ட் வாசலில் ஸ்டாம்ப் பேப்பர்காரரிடம் உட்கார்ந்து, இரண்டு பெயரும் ஒருவரே என்று உறுதிமொழிப் பத்திரம் எழுதி வாங்கினோம்.

பிறந்த தேதிக்கு மாவ்ஷியிடம் ஒரு கணக்கு இருந்தது. ஊர் சாத்தாரா மாவட்டம் பாட்டண் தாலுக்கா. கோய்னா பூகம்பம் வந்த விடியற்காலையில் அவரை மடியில் போட்டுக்கொண்டு அவர் அம்மா வெட்டவெளிக்கு ஓடினாராம். அப்போது மூன்று மாதக் குழந்தை. பூகம்பம் 1967 டிசம்பர் 11. அந்த வழியில் பார்த்தால் செப்டம்பர் வாக்கில் பிறந்திருக்க வேண்டும். லால் டப்பா என்று சொல்லும் சிவப்பு எஸ்.டி. பஸ்ஸில் ஊருக்குப் போய், படித்த பள்ளியிலிருந்து 'தாக்லா' என்ற சான்றை வாங்கி வந்தார். அதில் 1969 ஜூன் 1 என்றிருந்தது. மாவ்ஷிக்கு ஆச்சரியமே இல்லை. "எங்க வகுப்புல எல்லாருக்கும் அன்னிக்குத்தான் பிறந்தநாள்" என்றார். மகாராஷ்டிரக் கிராமங்களில் ஒரு தலைமுறையே ஜூன் 1-ஆம் தேதி பிறந்தது. ஜூனில் பள்ளி திறக்கும். சேர்க்க வந்த குழந்தையை ஏற இறங்கப் பார்த்து, வகுப்புக்குத் தக்க வயது வரும்படி வாத்தியார் ஒரு வருஷத்தைப் போட்டு, தேதிக்கு ஜூன் 1 என்று எழுதிவிடுவார். 1989 ஜனவரி 26 முதல் பிறந்தவர்களுக்குத்தான் அப்போது பிறப்புச் சான்று கட்டாயம். மாவ்ஷிக்கு வாத்தியார் எழுதியதே போதுமானதாக இருந்தது. ஏறக்குறைய இரண்டு வயது குறைந்துபோன சந்தோஷத்தில் அன்று எங்கள் எல்லோருக்கும் பேடா வாங்கி வந்தார்.

முண்டவா பாஸ்போர்ட் சேவா கேந்திராவில் ஏ, பி, சி என்று மூன்று கட்டமாகக் கவுன்ட்டர்கள். ஒவ்வொன்றிலும் ஒரு முறை கையெழுத்து. மாவ்ஷி தன் பெயரை மோடி மஸ்தான் மாதிரி ஒரே இழுப்பில் எழுதுவார். நாலாவது வரை படித்தவர் என்பதால் பாஸ்போர்ட்டில் குடிபெயர்வுச் சோதனை தேவை என்ற முத்திரை வந்தது. பத்தாவது தேறாதவர்களுக்கு அது உண்டு. 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, வளைகுடா நாடுகள் முதலான 18 நாடுகளுக்கு அப்படிப்பட்டவர்கள் வேலைக்குப் போக வேண்டுமானால் தனி அனுமதி வேண்டும். முப்பது வயதாகாத பெண்ணுக்கு அங்கே வீட்டு வேலைக்கு அந்த அனுமதியே கிடையாது. அமெரிக்கா அந்தப் பட்டியலில் இல்லை.

இதைக் கேட்டு மாவ்ஷி தலையாட்டினார். அவர் குடியிருந்தது சுதார்தராவில். கோத்ரூட்டின் விளிம்பில் குன்றின்மேல் அடுக்கடுக்காக ஏறும் வீடுகள். அவர் சந்திலிருந்து ஒரு பெண் யாரோ ஏஜெண்டை நம்பி மஸ்கட் போய், பாஸ்போர்ட் வீட்டு எஜமானியிடம் மாட்டிக்கொள்ள, இரண்டு தீபாவளி கழித்துத் திரும்பியிருந்தாள். மாவ்ஷிக்கு அந்தக் கதை மனப்பாடம். எங்கள் மேல் அவநம்பிக்கை என்று நினைக்கவில்லை. ஆனாலும் பாஸ்போர்ட் தபாலில் வந்த அன்றே ரவிக்கைத் துணியில் ஒரு பை தைத்து, அதை இடுப்பில் முடிந்துகொண்டார்.

இனி விசா. முதலாளியும் வேலைக்காரரும் போட்டுக்கொண்ட ஒப்பந்தம் வேண்டும். குறைந்தது ஒரு வருஷமாவது இவர் நம்மிடம் வேலை பார்த்ததற்கு ஆதாரம் வேண்டும். பன்னிரண்டு வருஷமாக எங்கள் வீட்டுக்கு வருகிறவர். ஆதாரம் என்று எதைக் காட்டுவது? சம்பளம் கையில். தீபாவளிக்கு ஒரு மாதச் சம்பளம் போனஸ், அதுவும் கையில். கையெழுத்து வாங்கியதில்லை, ரசீது கொடுத்ததில்லை. எங்கள் சொசைட்டியில் முப்பது வீடு, எந்த வீட்டிலும் அந்த வழக்கம் இல்லை.

மாமியார்தான் வழி சொன்னார். காலநிர்ணய் தாளின் பின்பக்கத்தில் சமையல் குறிப்புகள் போடுவார்கள். அதற்காகப் பழைய காலண்டர்களை அவர் தூக்கிப் போடுவதில்லை. கட்டிலுக்கு அடியிலிருந்து டிரங்குப் பெட்டியை இழுத்தோம். தரை முழுக்க மாதங்களைப் பரப்பினோம். பென்சில் வட்டங்கள். 'மா. அட்வான்ஸ் 500.' 'மா. பையன் ஜுரம்.' 'போளி ரேட் இன்று முதல்.' எந்த வருஷம் சம்பளம் ஏறியது, எந்தெந்த வருஷம் ஏறவே இல்லை என்பதெல்லாம் வரிசையாகக் கிடந்தது. மாவ்ஷி குனிந்து ஒவ்வொரு வட்டமாகத் தொட்டு, "இது எங்க நாத்தனார் கல்யாணம். இது அவருக்குக் கால் உடைஞ்சப்ப. இது காடா இல்லை, நான் வந்தேன், நீங்க ஊர்ல இல்லை" என்றார். கணவர் சிரித்தார். "இதையா தூதரகத்துக்குக் கொண்டுபோறது?" என்றார். மறுபேச்சில்லாமல் மூன்று வருஷக் காலண்டரைச் சுருட்டிக் கட்டினேன். கூடவே ஒரு வங்கிக் கணக்கும் திறந்து, அந்த மாதத்திலிருந்து சம்பளத்தைச் செக்காகக் கொடுக்க ஆரம்பித்தோம்.

ஒப்பந்தம் கணவர் கம்பெனியின் வக்கீல் சொன்னபடி எழுதியது. தங்க இடமும் சாப்பாடும் இலவசம். போக, வர விமான டிக்கெட் முதலாளி செலவு. நாளைக்கு எட்டு மணி நேரம், வாரத்தில் ஐந்து நாள். வேறெங்கும் வேலைக்குப் போகக் கூடாது. கூலி, சட்டப்படியான குறைந்தபட்சம் அல்லது அந்தப் பகுதியில் வழக்கமாகத் தருவது, இரண்டில் எது கூடுதலோ அது. அமெரிக்க மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர். நியூ ஜெர்ஸியில் 2014 பிறந்ததும் 8.25 ஆனது. எங்களுக்குப் பத்து டாலர் என்று முடிவாயிற்று. கணவர் சாப்பாட்டு மேஜையில் காகிதத்தை வைத்துக்கொண்டு கூட்டினார். நான்கு வாரத்துக்கு 1,600 டாலர். அன்றைய மதிப்பில் ஏறக்குறைய ஒரு லட்சம் ரூபாய். புனேயில் எங்கள் வீட்டில் அப்போது அவருக்கு மாதம் மூவாயிரத்து ஐந்நூறு.

வெகுநேரம் யாரும் பேசவில்லை. "அங்கே ஆஜிக்கு ஒரு நர்ஸ் வெச்சா இதைவிட ஆகும்" என்று கடைசியில் கணவரே தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டார்.

தரைத்தளத்தில் ஓய்வுபெற்ற மராத்தி வாத்தியார் ஒருவர் இருந்தார். அவர்தான் ஒப்பந்தத்தை மராத்தியில் எழுதி, மாவ்ஷிக்கு உரக்கப் படித்துக் காட்டினார். மாவ்ஷி தரையில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு கேட்டார், கோயிலில் கதை கேட்பது போல. பிறகு கேள்விகள். எட்டு மணி நேரம் முடிந்தபின் ஆஜி தண்ணி கேட்டால் கொடுக்கலாமா கூடாதா? காடா எத்தனை? உடம்பு சரியில்லாவிட்டால் பணம் பிடிப்பார்களா? பாஸ்போர்ட் யாரிடம் இருக்கும்? பாஸ்போர்ட் வேலைக்காரரிடமே இருக்கும் என்று ஒரு வரி இருந்தது. அதை மட்டும் இரண்டு தடவை படிக்கச் சொன்னார்.

இந்தக் கேள்விகள் அவருக்கு எங்கிருந்து வந்தன என்று எனக்கு வியப்பு. வாத்தியார் சொன்னார், 1980-இல் புனேயில் வீட்டு வேலைப் பெண்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள், சம்பள உயர்வும் சம்பளத்தோடு விடுப்பும் கேட்டு ஊர்வலம் போனார்கள், அதிலிருந்துதான் புணே ஷஹர் மோல்கரீண் சங்கடனா என்ற சங்கம் உருவானது என்று. "எங்க மாமியார் அதுல போனாங்க" என்றார் மாவ்ஷி சாதாரணமாக. "அன்னிக்கு ஊர்ல எந்த வீட்டுலயும் பாத்திரம் தேய்க்கலை." பன்னிரண்டு வருஷத்தில் இதை அவர் எங்களிடம் சொன்னதே இல்லை. நாங்களும் அவர் மாமியாரைப் பற்றிக் கேட்டதில்லை.

வெளிநாடு போய்வந்த அக்கம்பக்கத்தார் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். "காகிதத்தில் பத்து டாலர்னு எழுதுங்க, கையில் மாசம் இருபதாயிரம் கொடுங்க. அவங்க ஊருக்கு அதுவே ராஜ வாழ்க்கை." கெட்ட எண்ணம் என்று சொல்ல முடியாது. எங்களுக்கு உதவுவதாக நினைத்துத்தான் சொன்னார்கள்.

அந்த 2013 டிசம்பரில்தான் நியூயார்க்கில் இந்தியத் துணைத் தூதர் தேவயானி கோப்ரகடே கைதானார், மகளைப் பள்ளியில் விட்டுத் திரும்பும்போது. வீட்டுப் பணிப்பெண்ணின் விசாவுக்காகக் கொடுத்த ஒப்பந்தத்தில் மணிக்கு 9.75 டாலர் என்று காட்டிவிட்டு, உள்ளே மாதம் 30,000 ரூபாய் என்று பேசியிருந்தார் என்பது அமெரிக்க அரசுத் தரப்பின் குற்றச்சாட்டு. அவர் அதை மறுத்தார். கைது செய்து ஆடை களைந்து சோதனை போட்டார்கள் என்றதும் நாடே கொதித்தது. டெல்லியில் அமெரிக்கத் தூதரகத்துக்கு முன்னால் இருந்த பாதுகாப்புத் தடுப்புகளை அகற்றினார்கள். அவர் மராத்திக்காரர், மகாராஷ்டிர ஐ.ஏ.எஸ். அதிகாரி ஒருவரின் மகள். கேட்க வேண்டுமா? புனேயில் பால் பூத்திலும் காய்கறி வண்டியிலும் அதே பேச்சு. எங்கள் மாடிப்படியில் யோசனை சொன்னவர்கள் திடீரென்று லிஃப்டில் போக ஆரம்பித்தார்கள்.

மாவ்ஷி வந்ததும் பேப்பரைத் தரையில் விரித்து, எழுத்துக்கூட்டிப் படிப்பார். ஒரு நாள் கேட்டார், "இந்த மேடத்தைப் பத்தி இவ்வளவு போட்டிருக்கான். அந்த வேலைக்காரி இப்ப எங்க இருக்கா, சாப்பிட்டாளா?" அதுவரை எங்கள் வீட்டில் நடந்த விவாதம் எதிலும் அந்தக் கேள்வி வரவில்லை.

விசாவுக்கு மும்பையில் இரண்டு வேலை. ஒரு நாள் கைரேகை, மறுநாள் நேர்முகம். ஷிவ்னேரி பஸ்ஸில் நானும் மாவ்ஷியும் போய், மாதுங்காவில் என் சித்தி வீட்டில் தங்கினோம். கைரேகை எடுக்கும் இடத்தில் இயந்திரம் அவர் விரல்களை ஏற்க மறுத்தது. பத்து விரலிலும் ரேகை மங்கிக் கிடந்தது. சாம்பலும் சோப்புத்தூளும் தேய்த்த பல வருஷம். அந்தப் பையன் பொறுமையாகத் துடைக்கச் சொன்னான், அழுத்தச் சொன்னான், கையில் ஏதோ களிம்பைக் கொடுத்துத் தடவச் சொன்னான். வரிசையில் பின்னால் நின்றவர்கள் பெருமூச்சு விட்டார்கள். மாவ்ஷி தன் உள்ளங்கையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வழியாகக் கட்டை விரலில் தொடங்கி ஒவ்வொன்றாகப் பதிந்தது.

சித்தி வீட்டில் வேலைக்கு வருகிறவர்களுக்கென்று ஸிங்க்கின் கீழே ஒரு எவர்சில்வர் டம்ளர் தனியாக இருந்தது. அந்தத் தலைமுறையில் எல்லார் வீட்டிலும் இருந்ததுதான். மறுநாள் காலை சித்தி அதை எடுக்கப் போய், ஒரு கணம் நின்று, "அமெரிக்கா போறவளாச்சே" என்று சிரித்தபடி டபராவோடு காபியைக் கொடுத்தார். மாவ்ஷிக்கு அந்தச் சிரிப்பின் காரணம் தெரிந்ததோ என்னவோ, டபராவில் ஆற்றத் தெரியாமல் புடவையில் கொட்டிக்கொண்டார்.

பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸில் இருக்கும் அமெரிக்கத் துணைத் தூதரகத்துக்குள் முதலாளிகளுக்கு அனுமதி இல்லை. பை, செல்ஃபோன் எதுவும் கூடாது. காலண்டர் சுருளையும் ஒப்பந்தத்தையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மாவ்ஷி மட்டும் உள்ளே போனார். நான் எதிர்ப்பக்கம் நடைபாதையில், என்னைப் போல யார் யாருக்காகவோ காத்திருந்தவர்களோடு நின்றேன்.

வெயில் ஏறியபின் வெளியே வந்தார். முகம் சிவந்திருந்தது. கையில் காலண்டர் இருந்தது, பாஸ்போர்ட் இல்லை.

"வாங்கி வெச்சுக்கிட்டாங்க வஹினி. நான் விடலை. பாஸ்போர்ட் என்கிட்டதான் இருக்கணும்னு காகிதத்துல எழுதியிருக்கு, படிச்சுப் பாருன்னு சொன்னேன். மொழிபெயர்க்கிற பொண்ணு சிரிக்கிறா. அந்த வெள்ளைக்காரர் எழுந்து நின்னு ஏதோ சொன்னார். அப்பவும் குடுக்கலை."

பாஸ்போர்ட்டைத் திருப்பித் தராவிட்டால் விசா கிடைத்தது என்று அர்த்தம். அதை நான் அவரிடம் முன்கூட்டியே சொல்லி வைக்கவில்லை. நடைபாதையிலேயே நான் சிரித்த சிரிப்பில் பக்கத்திலிருந்த குஜராத்திக் குடும்பம் வாழ்த்துச் சொன்னது.

உள்ளே கேட்டதையெல்லாம் ஊர் திரும்பும் வழி முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தார். எத்தனை வருஷம்? இங்கே என்ன சம்பளம்? அங்கே என்ன சம்பளம்? அடிப்பார்களா? திட்டுவார்களா? "திட்டுவாங்க, நானும் திட்டுவேன்னு சொன்னேன்." காலண்டரைப் பிரித்து ஒவ்வொரு வட்டமும் என்னவென்று அதிகாரி கேட்டாராம். காடா என்ற சொல்லைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டாராம். உரிமைகளைப் பற்றி ஒரு கையேடும் கொடுத்திருந்தார்கள். அடித்தால், பணம் தராவிட்டால், பாஸ்போர்ட்டைப் பிடுங்கினால் எந்த எண்ணைக் கூப்பிட வேண்டும் என்று அதில் இருக்கும். 2008-இல் வந்த சட்டப்படி இப்படிப் போகிற ஒவ்வொருவருக்கும் அதைக் கொடுத்து, புரிந்ததா என்று கேட்டாக வேண்டும். "உங்க மேல புகார் சொல்ற நம்பர் இது" என்று மாவ்ஷி அதை என்னிடமே காட்டினார்.

ஒப்பந்தத்தில் திரும்பி வரும் டிக்கெட்டை ஏன் அவ்வளவு அழுத்தி எழுதுகிறார்கள் என்பது எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் புரிந்தது. வெள்ளைக்காரக் காலத்தில் புனே கேம்ப் போன்ற ராணுவக் குடியிருப்புகளிலிருந்து சீமைக்குப் போன துரைசானிகள், கப்பலில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆயாக்களைக் கூட்டிப்போவார்கள். லண்டன் சேர்ந்ததும் சிலரைச் சம்பளமும் திரும்பும் டிக்கெட்டும் இல்லாமல் அப்படியே விட்டுவிடுவதுண்டு. அப்படி நின்றவர்களுக்காக லண்டனில் ஆயாக்கள் விடுதி என்றே ஒன்று இருந்தது. ஹாக்னி பகுதியில், கிங் எட்வர்ட்ஸ் ரோட்டில். இந்தியா திரும்பும் இன்னொரு குடும்பம் கிடைக்கும் வரை அங்கே காத்திருப்பார்களாம். 2022-இல் அந்த வீட்டுச் சுவரில் நீல நினைவுப் பலகை பதித்தார்கள். அந்தச் செய்தியை மாவ்ஷியிடம் சொன்னேன். "அவங்களும் பாஸ்போர்ட்டைக் குடுத்துட்டாங்களா?" என்று கேட்டார்.

எடிசன் வாழ்க்கையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அங்கே போய் வேலை அனுமதி அட்டைக்கு இன்னொரு விண்ணப்பம். பனியை முதலில் பார்த்தபோது, "இதை யார் பெருக்குவாங்க?" என்றார். ஓக் ட்ரீ ரோட்டில் மராத்தி பேசும் ஒரு மளிகைக்கடைக்காரரைப் பிடித்துக்கொண்டார். எட்டு மணி நேரம் முடிந்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவைச் சுற்றிவிட்டு வருவார். ஆரம்பத்தில் மாமியார் அதை முறைத்துக்கொண்டிருந்தார். பிறகு அவரே கூட நடக்க ஆரம்பித்தார், கைத்தடியோடு. கணபதிக்கு முன்னால் இரண்டு பேரும் திரும்பிவிட்டார்கள்.

அந்தப் பணத்தில் மாவ்ஷி சுதார்தரா வீட்டுக்கு மேல் ஓர் அறை கட்டி வாடகைக்கு விட்டார். ஔந்த் ஐ.டி.ஐ.யில் படித்த பையனுக்கு ஒரு மோட்டார் சைக்கிள். எங்கள் வீட்டு வேலையைத் தொடர்ந்தார். ஆனால் வாத்தியார் எழுதிய மராத்தி ஒப்பந்தத்தின் ஜெராக்ஸ் ஒன்று அவர் பையில் இருந்தது. அதிலிருந்து இன்னும் எத்தனை ஜெராக்ஸ் போயிற்றோ தெரியாது. ஞாயிற்றுக்கிழமை முழு விடுப்பு, அதற்குக் காடா இல்லை என்ற பேச்சு எங்கள் படிக்கட்டில்தான் முதலில் எழுந்தது. அடுத்த தீபாவளிக்குள் பக்கத்து இரண்டு கட்டடங்களுக்கும் பரவிவிட்டது. மூன்றாம் மாடி அம்மாள் என்னை லிஃப்டில் மடக்கி, "உங்க மாவ்ஷியை அமெரிக்கா கூட்டிட்டுப் போய் எங்க எல்லார் வீட்டையும் கெடுத்தீங்க" என்றாள். அவள் வீட்டிலும் மாவ்ஷிதான் போளி இடுகிறார்.

மகாராஷ்டிரத்தில் வீட்டு வேலைக்காரர்களுக்கென்று 2008-இல் சட்டம் போட்டு ஒரு நல வாரியம் வைத்தார்கள். அதில் பதிந்தவர்களுக்கு 55 வயது நிறைந்தால் 'சன்மான்தன்' என்று 10,000 ரூபாய் தரும் திட்டம் ஒன்று உண்டு. மாவ்ஷி மனுப் போட்டார். பூகம்பக் கணக்குப்படி அவருக்கு வயது எப்போதோ ஆகிவிட்டது. வாத்தியார் கணக்குப்படி இல்லை. "கோய்னா பூகம்பத்தப்ப நான் மடியில இருந்தேன்" என்று அலுவலகத்தில் வாதாடியிருக்கிறார். கடைசியில் சாட்சிக்கு இடுப்புப் பையிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்து நீட்டினாராம். அதில் 1969 ஜூன் 1 என்று அச்சடித்து, அசோகச் சின்னத்தோடு இருந்தது. பேடா வாங்கிக் கொடுத்த சந்தோஷத்துக்கு வட்டி போல, அந்த இரண்டு வருஷத்தையும் காத்திருந்தே கழித்தார்.

அந்த வயது நிறைந்தபின் இன்னொரு காகிதம். இவர் எங்கள் வீட்டில் வேலை செய்கிறார் என்று முதலாளிகள் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். எங்களுடையதை அன்றே போட்டுக் கொடுத்தேன். தரைத்தளத்து வாத்தியார் முத்திரையே குத்திக் கொடுத்தார். மூன்றாம் மாடி அம்மாள் மட்டும், "நாளைக்கு பி.எஃப். கேட்டு கோர்ட்டுக்குப் போனா யார் பதில் சொல்றது?" என்று பேனாவைத் தொட மறுத்துவிட்டாள்.

மறுநாள் மூன்றாம் மாடியில் காடா. அதற்கு மறுநாளும் காடா. மூன்றாம் நாள் மாலை, என் வீட்டு மணியை அடித்து, ஃபாரம் எங்கே என்று அவளே கேட்டாள்.